நீ காட்டினியா?

மேல்டிவிசன் லயம்,
லிந்துலை.
12 பெப்ரவரி 2024

தங்கச்சி ரஜிதாவுக்கு அக்கா இந்திராதேவி எழுதுறது. நானும் உன் மச்சானும் மழையோட மல்லுக்கட்டிக்கிட்டு ஒரு மாதிரியா இருக்கோம். நீ கண்டியில நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்ல ஆபரேஷன் தியேட்டர்லயே நின்னு காயுறியா?

போன் இருக்கக்குள்ள இவ என்னத்துக்குப் பேனாவத் தூக்குறான்னு நெனைப்ப. போன் பேசணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். அங்க எந்நேரமும் பத்து ஆம்பளைங்க சிக்னல் தேடி நிக்கிறாங்க. காம்பராவுக்குள்ள பேசினா ஒத்தைச் செவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பரா நாகலெட்சுமி அங்கேருந்தே பதில் சொல்லுவா. இது அப்படிக் கத்திச் சொல்ற சமாச்சாரம் இல்ல.

என் வலது மார்ல ஒரு கட்டி இருக்கு. மேல, கக்கத்துப் பக்கமா. மொச்சக்கொட்டை அளவு. மார்கழியில பீலித் தண்ணியில குளிக்கக்குள்ள கையில தட்டுச்சு. கவ்வாத்து வெட்டுக்கு வந்த தேயிலைச் செடி, கொப்பு குத்தியிருக்கும்னு மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சுப் பூசினேன். ரெண்டு மாசமாப் பூசுறேன், தோலு வெந்ததுதான் மிச்சம். வலி இல்ல. அந்த வலி இல்லாததுதான் என்னை ஒரு எடத்துல உக்கார விடமாட்டேங்குது. அடுப்புல தண்ணி வச்சிட்டு வாசலுக்கு வர்றேன், வாசல்ல நின்னுட்டு எதுக்கு வந்தேன்னு யோசிக்கிறேன்.

அம்மாவுக்கு நடந்தத நீ முழுசாப் பாக்கல. உனக்கு அப்ப பன்னெண்டு வயசு, பெரியம்மா வீட்டுல விட்டிருந்தோம். ஒரு பக்கத்த வழிச்சு எடுத்தாங்க, கக்கத்தையும் தோண்டினாங்க. அப்புறம் வலது கை தலகாணி மாதிரி வீங்கிப் போச்சு. மூணு வருசம் இருந்தா, ஒரு நாளும் கொழுந்துக் கூடை போடல. சோத்தக்கூட நான்தான் ஊட்டினேன். சாவுக்குப் பயமில்லன்னு சொன்னா அது பொய். ஆனா சாவுக்கு முன்னால அந்தக் கைதான் வந்து நிக்குது.

நீ தெனம் இந்த ஆபரேஷன்லதான நிக்கிற. பூசி மெழுகாம உள்ளதச் சொல்லு. பதில எஸ்டேட் விலாசத்துக்கு அனுப்பிடாத. இங்க வர்ற தபாலக் காலைப் பெரட்டுல எல்லாரையும் நிறுத்தி வச்சுப் பேர் கூப்பிட்டுத்தான் குடுப்பாங்க. லிந்துலை டவுன்ல வீரபத்திரன் முதலாளி கடைக்கு அனுப்பு, சாமான் வாங்கப் போறப்ப எடுத்துக்குறேன்.

உன் அக்கா.


நர்ஸ் குவாட்டர்ஸ்,
கண்டி.
19 பெப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

நான் சுகமா இருக்கேன், சாப்பிடுறேன். என்னைப் பத்தி இனி விசாரிக்க வேணாம். சுண்ணாம்ப இன்னைக்கே நிறுத்துங்க. இனி ஒண்ணும் பூசக்கூடாது, மஞ்சளும் வேணாம், அந்த எண்ணெய் இந்த எண்ணெய்னு யாராச்சும் குடுத்தா வாங்கவும் கூடாது.

மார்ல வர்ற கட்டி பெரும்பாலும் கெட்டது இல்ல. ஆனா உங்களுக்கு வயசு நாப்பத்தேழு, அம்மாவுக்கும் வந்திருக்கு. அதனால நாமளா ஒண்ணும் முடிவு பண்ணக்கூடாது. மூணு சோதனை இருக்கு. டொக்டர் கையால தொட்டுப் பார்ப்பாங்க. ஸ்கேன் எடுப்பாங்க. ஊசி போட்டு நூல் அளவு சதை எடுத்து அனுப்புவாங்க. மூணும் ஒரே பேச்சுப் பேசினாத்தான் நம்புவோம்.

வியாழக்கிழமைதான் எங்க கிளினிக். இந்த வியாழனே வாங்க. எங்க சர்ஜன் ஒரு பொம்பளை, சிங்கள ஆள், நல்லவங்க. நான் வெளியில வந்து நிக்கிறேன். அக்கா, தயவு செஞ்சு வாங்க.

ரஜிதா.


லிந்துலை
7 மார்ச் 2024

தங்கச்சி ரஜிதாவுக்கு,

உன் கடுதாசி கெடைச்சு, அடுக்குப் பானைக்கு அடியில ஒளிச்சு வச்சு, எடுத்து எடுத்துப் படிச்சுத் தாளே நைஞ்சு போச்சு. ஒடம்புக்கு ஒண்ணும் கொறவில்ல, தூக்கம்தான் இல்ல.

ரெண்டு வியாழக்கிழமை போயிருச்சுன்னு நீ பல்லக் கடிப்பன்னு தெரியும். வெயில் அடிச்சு மலையில கொழுந்து வெடிச்சுக் கெடக்கு. இந்த நேரத்துல ஒரு நாள் நின்னா எங்களுக்கு மேல இருக்குற கண்டாக்கையா மூஞ்சியக் காட்டுறாரு. உன் மச்சான்கிட்ட மெதுவாச் சொன்னேன். கேட்டுட்டு வாசலுக்குப் போய் ஆட்டுக்குத் தழை போட்டாரு. அப்புறம் ஆடு ஈணுற மாதிரி இருக்கு, அது ஈணட்டும், பிறகு போவோம்ங்கிறாரு. கெடக்குறது கெடக்கட்டும் கெழவியத் தூக்கி மணையில வைன்னானாம். அவருக்குப் பயம். பயந்தா ஆட்டப் பத்திப் பேசுற மனுசன் அவரு.

உண்மையச் சொல்லவா? ஆடும் இல்ல, கொழுந்தும் இல்ல. கத்தி வச்சாக் கையும் போயிரும்னு நெனைச்சிக்கிட்டேதான் நாளத் தள்ளிப் போடுறேன். மொதல்ல அந்தக் கை கதையச் சொல்லு.

இன்னொண்ணு. ரெண்டு பேரும் ஒரே வயித்துல கெடந்தவங்க. அம்மாவுக்கு வந்து, எனக்கும் வந்திருக்குன்னா உனக்கு மட்டும் என்ன விதிவிலக்கா? நீ காட்டினியா?

அக்கா.


கண்டி
15 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

ஆடு நல்லபடியா ஈணியிருக்கும்னு நம்புறேன். மச்சான் கிட்ட இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டுங்க, வெக்கப்பட வேணாம்.

கை கதை இதுதான். காலுல புண்ணு வந்தாத் தொடையில நெறி கட்டுமில்ல? அந்த மாதிரி நெறிக்கட்டி கக்கத்துக்குள்ள நெறைய இருக்கு. மார்லயிருந்தும் கையிலயிருந்தும் வடியிற நீர் அது வழியாத்தான் போகுது. அம்மாவுக்கு அத்தனையையும் வழிச்சு எடுத்துட்டாங்க. நீருக்குப் போக வழியில்ல, கையிலயே தங்கிருச்சு. அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க.

இப்ப வேற விதம். மார்லயிருந்து வடியிற நீர் கண்ட பக்கம் ஓடுறதில்ல, மொதல்ல ஒண்ணு ரெண்டு நெறிக்கட்டிக்குத்தான் போகும், பிறகுதான் அடுத்ததுக்கு. நோய் வெளியில கிளம்பியிருந்தா அங்கதான் மொதல்ல தட்டுப்படும். அதனால மார்ல நீலச் சாயம் ஊசியில ஏத்துவாங்க. சாயம் போய்ச் சேர்ற ஒண்ணு ரெண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல நோய் இல்லன்னா மத்ததத் தொட மாட்டாங்க. பிறகு ரெண்டு நாளைக்கு மூத்திரம் பச்சையாப் போகும், அதுக்கு அலறக்கூடாது.

மார்பையும் முழுசா எடுக்கணும்னு இல்ல. உள்ள பால் ஊறுற பாகம் தோடம்பழத்த உரிச்சாத் தெரியிற சொளை மாதிரிப் பிரிஞ்சு இருக்கு, ஒவ்வொண்ணுலயிருந்தும் காம்புக்குக் குழாய் வருது. காம்புக்கு ரத்தம் நடு நெஞ்சுப் பக்கமிருந்தும் வெலாப் பக்கமிருந்தும் வருது, ரெண்டையும் அறுத்தாக் காம்பு செத்துரும். இது தெரிஞ்ச சர்ஜன் காம்பச் சுத்தின கறுப்பு வட்டத்தோட ஓரத்துல சின்னதாக் கீறி, தோலுக்கும் சதைக்கும் நடுவால வழி பண்ணிக்கிட்டுப் போய், கட்டியையும் அதச் சுத்தி ஒரு விரல் சதையையும் எடுத்துட்டு வந்துருவாங்க. பள்ளத்தப் பக்கத்துச் சதைய இழுத்து மூடிருவாங்க. வெளியில தழும்பத் தேடணும்.

ஒரு கஷ்டம் என்னன்னா மார்பு ஆணி அடிச்ச சாமான் இல்ல. படுத்தா ஓர் எடம், எந்திரிச்சா ஓர் எடம், கையத் தூக்கினா வேற எடம். தோல் ஒரு பக்கம் நகரும், உள்ள இருக்குறது இன்னொரு பக்கம் நிக்கும். அதனால ஆபரேஷனுக்கு எப்படிப் படுக்க வைப்பாங்களோ அப்படியே படுக்க வச்சு, ஸ்கேன்ல பார்த்து, தோல்ல பேனாவால அடையாளம் போடுவாங்க.

இதெல்லாம் கட்டி சின்னதா இருக்குற வரைக்கும்தான். 28ஆம் திகதி வியாழக்கிழமை. வரலன்னா நான் லீவு போட்டு வந்து லயத்து வாசல்ல உக்காருவேன்.

ரஜிதா.


லிந்துலை
10 ஏப்ரல் 2024

ரஜிதாவுக்கு,

வருசப் பொறப்பு வருது, உனக்கு எண்ணெய் வைக்க ஆளில்ல, நீயே வச்சுக்க. எனக்கு எப்படின்னு இனிக் கேக்கத் தேவையில்ல, ஊருக்கே தெரியும்.

28ஆம் திகதி வந்தேன், ஊசி போட்டாங்க, நீ கூடவே நின்ன. விலாசம் கேட்ட புள்ளைகிட்ட அடையாள அட்டைய நீட்டினேன். அது அதப் பார்த்து எஸ்டேட் விலாசத்த எழுதிக்கிருச்சு. உனக்குப் புத்தி சொன்ன நான் எனக்குச் சொல்ல மறந்துட்டேன். ஆஸ்பத்திரியிலயிருந்து உடனே வரச் சொல்லிக் கடுதாசி ஆபீசுக்கு வந்து, சனிக்கிழமை காலையில பெரட்டுல கண்டாக்கையா கூப்பிட்டாரு. "இந்திராதேவி, கண்டி மார்பு கிளினிக்." எம்பது பேருக்கு முன்னால. நான் நடந்து போய் வாங்கின அந்தப் பத்து அடி என் கல்யாணத்துல மணவறைக்கு நடந்ததவிடத் தூரம்.

நாகலெட்சுமி மலைக்குப் போற வழி பூரா ஒண்ணும் கேக்கல. கடைசிக் கொழுந்து நிறுவை முடிஞ்சு திரும்பக்குள்ள என் கூடையையும் சேர்த்து அவளே தூக்கிக்கிட்டா.

திங்கக்கிழமை நானும் மச்சானும் வந்தோம். கேன்சர்தான்னு டொக்டர் அம்மா சொன்னாங்க. மொழிபெயர்க்க நீ இருப்பன்னு நம்பி வந்தேன், நீ லீவுன்னாங்க. வேற ஒரு நர்ஸ் மிஸ்ஸி அரைகுறைத் தமிழ்ல சொன்னா. பரவாயில்ல, அந்த ஒரு சொல்லுக்கு எந்தப் பாஷையும் போதும். மச்சான் வெளியில போய் டீ வாங்கிட்டு வந்து, குடிக்க மறந்து கையிலேயே வச்சிருந்தாரு.

நீ லீவு போட்டு எங்க போன? 28ஆம் திகதியே பார்த்தேன், கன்னம் ஒட்டிப் போயிருக்கு. கிட்ட வந்து கேட்டதும் மணி அடிக்குதுன்னு உள்ள ஓடிட்ட. எனக்கு மணிச் சத்தம் கேக்கல. நீ காட்டினியா?

அக்கா.


கண்டி
18 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

திங்கக்கிழமை நான் கூட இருந்திருக்கணும். அவசர வேலை ஒண்ணு வந்துருச்சு, மன்னிச்சுக்குங்க. புது வருசம் உங்களுக்கு நல்லபடியாத்தான் இருக்கும்.

கட்டி ஒண்ணரைச் சென்டிமீட்டர்தான், கக்கத்துல தட்டுப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. சர்ஜன் மேடம் ஆபரேஷனுக்கு மே 14ஆம் திகதி குறிச்சிருக்காங்க. நான் எழுதினபடியேதான் செய்யப் போறாங்க. எங்க ஸ்கேன் டொக்டரும் தோலுக்குக் கீழ எவ்வளவு ஆழம்னு அளந்து வச்சிருக்காங்க.

நீங்க கொழுந்து எடுக்குறவங்கன்னு சொன்னேன். மேடம் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, கொழுந்த எந்தக் கையால கூடைக்குள்ள எறிவாங்க, எப்படி எறிவாங்க, மேட்டுல எப்படி ஏறுவாங்கன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நான் ஒரு நாளும் கூடை போட்டதில்லையே, நீங்க போட விட்டதில்ல.

ஏன் கேட்டாங்கன்னா கக்கத்துக்குள்ள முக்கியமா மூணு நரம்பு இருக்கு. ஒண்ணு தோள்பட்டைய முதுகோட ஒட்ட வைக்குது. அது கெட்டுப் போனா பட்டை பிதுங்கி நிக்கும், கையத் தலைக்கு மேல தூக்க முடியாது. இன்னொண்ணு ஒடம்பக் கையால இழுத்து மேல ஏத்துற சதைக்குப் போகுது. மூணாவது மெல்லிசு, கையோட உள்பக்கத்துக்கு உணர்ச்சி குடுக்குறது. ஆபீசுல வேலை செய்யிறவங்களுக்கு இதுல ஒண்ணு கொஞ்சம் நோகலாம், உங்களுக்கு ஒண்ணும் நோகக்கூடாதுன்னாங்க. எழுதி அனுப்புங்க, நான் சிங்களத்துல சொல்லிக் குடுக்குறேன்.

ரஜிதா.


லிந்துலை
27 ஏப்ரல் 2024

ரஜிதாவுக்கு,

நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதித் தொடங்கத்தான் ஆசை. உன் மச்சான் பேக்டரிக்கு ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பப் போட்டுட்டுப் போயிட்டாரு. மத்தபடி நல்லா இருக்கோம்.

இருவத்தொம்பது வருசத்துல ஒருத்தரும் நான் எப்படிக் கொழுந்து எடுக்குறேன்னு கேட்டதில்ல, எத்தனை கிலோன்னுதான் கேட்டிருக்காங்க. உன் டொக்டர் அம்மாவுக்குச் சொல்லு. ரெண்டு கையும் எடுக்கும், வலதுதான் வேகம். கை நெறைஞ்சதும் தோளுக்கு மேலால பின்னுக்கு எறியணும், திரும்பிப் பார்க்கக்கூடாது. எறியக்குள்ள முழங்கை காதத் தொட்டுட்டுப் போகும். அம்மா எனக்கு மொதல்ல அதத்தான் சொன்னா, காதத் தொடலன்னாக் கொழுந்து கீழ விழும்னு. மேட்டு மலையில கால் வழுக்குனா வலது கையாலதான் செடியோட அடித்தூரப் புடிச்சு ஒடம்ப இழுத்து ஏத்துவேன். கூடைக் கயிறு தலையில, அதனால கழுத்தத் திருப்ப முடியாது, கையும் தோளும்தான் எல்லாம் பார்க்கணும். மழையில செடிய வெலக்கிக்கிட்டுப் போறது முழங்கையோட உள்பக்கம். அங்க உணர்ச்சி இல்லன்னா அட்டை கடிச்சாலும் தெரியாது.

போதுமா? எழுதி முடிச்சுட்டு எந்திரிச்சு நின்னு வெறுங்கையால எறிஞ்சு பார்த்தேன். நாகலெட்சுமி எட்டிப் பார்த்துட்டு, என்னாடி பேய் ஓட்டுறியான்னா. சிரிச்சோம். சிரிச்சுட்டு அவ முந்தானையால மூக்கத் தொடைச்சுக்கிட்டா.

மூணாவது தரம் கேக்குறேன். நாலு பக்கம் நரம்பப் பத்தி எழுதுறவளுக்கு ஒரு வரி எழுதக் கையில்லையா? ஊருக்குத்தான் உபதேசமா?

அக்கா.


14ஆம் வாட்டு, 9ஆம் கட்டில்
14 மே, காலை ஆறு மணி

ரஜிதா, இத வாட்டுக் கூட்டுற அம்மாகிட்டக் கும்புட்டுக் கேட்டுக் குடுத்துவிடுறேன். உடனே படி. என்னைத் திட்டுறத அப்புறம் திட்டு.

நேத்து அந்தியில ஸ்கேன் டொக்டர் படுக்க வச்சு, கையத் தலைக்கு மேல போடச் சொல்லி, பேனாவால பெருக்கல் குறி போட்டாரு. தண்ணி படக்கூடாதுன்னு வாட்டு மிஸ்ஸி மூணு தரம் சிங்களத்துல சொன்னா, நான் மூணு தரமும் தலைய ஆட்டினேன். ஆனா காலையில எந்திரிச்சதும் மனசு கேக்கல. நல்ல காரியமோ கெட்ட காரியமோ, நம்ம ஆளுங்க தலை முழுகாம மஞ்சள் பூசாமக் கெளம்புறதில்ல. அம்மாவையும் நான்தான் முழுக்காட்டி அனுப்பினேன். குறியில படாமக் குளிச்சிரலாம்னு நெனைச்சேன். மஞ்சளத் தேய்ச்சா கை தானாப் போகுது. பார்த்தாக் குறியக் காணோம்.

மிஸ்ஸி ஏசுவான்னு பயந்து, அடுத்த கட்டில் ஆச்சிகிட்டப் பேனா வாங்கி, கண்ணாடியில பார்த்து நானே குறியப் போட்டுட்டேன். அச்சா அதே மாதிரி இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது. சரின்னு சீலைய மாத்தப் போனேன். அப்பத்தான் நீ எழுதினது ஞாபகம் வந்துச்சு. படுத்தா ஓர் எடம், எந்திரிச்சா ஓர் எடம்னியே. நான் உக்காந்துக்கிட்டுக் கையத் தொங்கப் போட்டுல்ல குறி போட்டேன். இந்தக் குறி பொய்க்குறி. டொக்டர் அம்மாகிட்டச் சொல்லிரு. அவங்க இத நம்பிக் கத்தி வச்சிரப் போறாங்க.


கண்டி
30 மே 2024

அன்பு அக்காவுக்கு,

காயத்துக்கு மேல பிளாஸ்டர எடுத்துட்டீங்களா? கைய செவரு மேல விரலால நடத்தி ஏத்துற பயிற்சிய விடாமச் செய்யுங்க. வலது கையில ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ யாரையும் விடாதீங்க.

வாட்டுல சொல்ல முடியாதத இப்பச் சொல்றேன். உங்க துண்டுக் கடுதாசி வந்தப்ப நான் தியேட்டர்ல சாமான் எண்ணிக்கிட்டு இருந்தேன். சொந்தக்காரிக்கு நீ கத்தி எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு மேடம் என்னை ஒதுக்கியிருந்தாங்க. துண்ட அவங்க கிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவங்க கோபப்படல. ஸ்கேன் டொக்டரக் கூப்பிட்டு, உங்களுக்கு மயக்கம் குடுத்துக் கையத் தூக்கி வச்ச பிறகு மறுபடியும் பார்க்கச் சொன்னாங்க. நீங்க போட்ட குறியிலயிருந்து ரெண்டு விரல் தள்ளி, கக்கத்துப் பக்கமாக் கட்டி இருந்துச்சு. எப்படியும் ஒரு தரம் பார்த்துட்டுத்தான் தொடங்கியிருப்பேன்னு மேடம் சொன்னாங்க. அப்புறம் கையக் கழுவிக்கிட்டே, "இந்த அம்மாவுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. அதனாலதான் உண்மையச் சொல்லியிருக்காங்க" ன்னாங்க. நான் செவத்தப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்.

நீலமா வந்தது ரெண்டே ரெண்டு. ரெண்டுலயும் நோய் இல்ல. மூணு நரம்பையும் கண்ணால பார்த்து, அது அதது எடத்துலயே விட்டுட்டு வந்தாங்க. எடுத்த சதையோட ஓரமெல்லாம் சுத்தம்னு நேத்து ரிப்போட் வந்துருச்சு. இனி ஆகஸ்டுல கதிர் வைத்தியம், மூணு வாரம். அக்கா, உங்க கை உங்களுக்கு இருக்கு.

ரஜிதா.


லிந்துலை
8 ஜூலை 2024

ரஜிதாவுக்கு,

ஜூன்ல ரெண்டு கடுதாசி போட்டேன், பதில் இல்ல. வீரபத்திரன் முதலாளி என்னைக் கண்டதும் தூரத்துலயே கைய விரிக்கிறாரு.

கை நல்லா இருக்கு. டொக்டர் அம்மா சொன்ன ஆறு வாரம் முடிஞ்சு, இப்ப அரைக் கூடையோட மலைக்குப் போறேன். மொத நாள் எறிஞ்சப்ப முழங்கை காதத் தொட்டுச்சு. செடிக்கு நடுவுல நின்னு ஒப்பாரி வச்சு அழுதேன். கங்காணி பாம்பு கடிச்சிருச்சுன்னு ஓடி வந்தாரு. தழும்ப நாகலெட்சுமிக்குக் காட்டினேன், எங்கடி எங்கடின்னு தேடினா. இப்ப லயத்துல நாலு பொம்பளைங்க கதவச் சாத்திக்கிட்டு என்கிட்ட வந்து தொட்டுக் காட்டுறாங்க. அதுல ஒருத்திய வியாழக்கிழமை கிளினிக்குக்கு அனுப்பியிருக்கேன்.

ஆனா எனக்கு நிம்மதி இல்ல. போன் எடுத்தா ஒரு நிமிசம், வேலைன்னு வச்சிருற. பெப்ரவரியிலயிருந்து உன் கடுதாசி எல்லாத்தையும் வரிசையா அடுக்கிப் படிச்சேன். நரம்பு இருக்கு, ரத்தம் இருக்கு, நெறிக்கட்டி இருக்கு. நீ இல்ல. ஒரு கேள்விய எத்தனை தரம் கேட்டாலும் ஒருத்தி அதச் சுத்திக்கிட்டே போறான்னா, அந்த எடத்துல ஏதோ இருக்கு. நான் படிக்காதவ, ஆனா இது கூடவா தெரியாது?

காட்டலன்னாச் சொல்லு. காட்டி ஏதாச்சும் இருந்தாலும் சொல்லு. ஒண்ணுமே சொல்லாம இருந்து என்னைக் கொல்லாத.

அக்கா.


கண்டி
19 ஜூலை 2024

அக்கா,

சுகம் விசாரிச்சுத் தொடங்க எனக்கு யோக்கியதை இல்ல.

இடது பக்கம். காம்புக்குக் கீழ. தைப் பொங்கலுக்கு அடுத்த நாள் குளிக்கக்குள்ள கையில பட்டுச்சு. உங்க மொதக் கடுதாசி வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு முந்தி. உங்கள வியாழக்கிழமையே வா, இப்பவே வான்னு நான் வெரட்டினது உங்களுக்காக மட்டும் இல்ல.

ஏப்ரல் எட்டாம் திகதி நீங்க ரிசல்ட் கேக்க வந்த அன்னைக்கு நான் லீவு போட்டது அதுக்குத்தான். தெரிஞ்சவங்க இல்லாத ஒரு எடத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போய், நம்பர் வாங்கி, ரெண்டு மணித்தியாலம் உக்காந்திருந்தேன். என் நம்பரக் கூப்பிட இன்னும் ஒரே ஒரு ஆள் இருக்கக்குள்ள எழும்பி வந்துட்டேன். உங்களுக்குப் பக்கத்துல நிக்க வேண்டிய நேரத்துல ரோட்டுல சும்மா நடந்துக்கிட்டு இருந்தேன்.

எல்லாம் தெரிஞ்ச ஒனக்கென்ன பயம்னு கேப்பீங்க. எல்லாம் தெரிஞ்சதுதான் பயம். மேடம் உள்ள விரல வச்சுட்டு ஒண்ணும் பேசாம நின்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். அந்த மேசையில நான் படுத்தா என்னைச் சுத்தி நிக்கப் போறது யாரு? தெனம் என்கூட டீ குடிக்கிறவங்க. என் ஒடம்ப அவங்க பார்க்கணும், என் ரிப்போட்ட அவங்க எனக்கு முந்திப் படிக்கணும். ஆறு மாசம் ஆயிருச்சு. வளந்திருக்கான்னு தொட்டுப் பார்க்கவும் பயந்து, குளிக்கக்குள்ள இடது பக்கம் கையக் கொண்டு போறதையே விட்டுட்டேன்.

நீங்க ஏச்சு வாங்கப் பயந்து ஒரு பொய்க்குறி போட்டீங்க, அர மணித்தியாலத்துக்குள்ள உண்மையச் சொல்லிட்டீங்க. நான் இந்த ஆறு மாசத்துல உங்களுக்கு நாலு கடிதம் எழுதியிருக்கேன். உங்க நோயப் பத்தி எழுதினது எல்லாம் உண்மை. இது மட்டும்தான் அதுல இல்ல.

எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல அக்கா.

ரஜிதா.


25 ஜூலை 2024, வியாழக்கிழமை
ரயில்ல

ஏன்டி ரஜிதா,

நேத்து அந்தி முதலாளி கடையில உன் கடுதாசிய நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்சுட்டு அங்கயே மா மூட்டை மேல உக்காந்துட்டேன். அவரு சோடா ஒடைச்சுக் குடுத்தாரு. மச்சான்கிட்டச் சொன்னேன். இந்தத் தரம் மனுசன் ஆட்டப் பத்திப் பேசல. விடிஞ்சதும் என்னை வட்டகொடை ஸ்டேசன் வரைக்கும் கொண்டாந்து ஏத்திவிட்டு, ரயில் போற வரைக்கும் நின்னாரு. கண்டாக்கையாகிட்ட லீவு கேக்கல, சொல்லிட்டு வந்தேன்.

வண்டி ஆடுது, எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்க. உன்ன ஏசத்தான் தாள எடுத்தேன். நாலு வரி ஏசி, கிழிச்சு ஜன்னலால போட்டுட்டேன். எனக்கு வந்த கோவம் உன் மேல இல்ல. உன்ன மலைக்கு அனுப்பாமப் படிக்க வச்சேன், வெயில் மழை படாம வச்சிருக்கேன்னு பீத்திக்கிட்டேன். நீ தனியா ஒரு காம்பராவுல ஆறு மாசம் இதத் தூக்கிக்கிட்டு இருந்திருக்க. என்னோடதவிடக் கனமான கூடை.

வளந்திருக்குமோ இல்லையோ எனக்குத் தெரியாது. கெட்டதா இல்லையான்னும் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நீயே தீர்ப்பு எழுதாத. உன் சிநேகிதிங்க பார்த்தாப் பார்க்கட்டும். என் பேர எம்பது பேருக்கு முன்னால மார்பு கிளினிக்னு கூப்பிட்டாங்க. அன்னைக்குச் செத்துரலாம்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் என் கூடையத் தூக்க ஒருத்தி வந்தா.

இதத் தபால்ல போட்டா நாலு நாளாகும். அதனால நானே கொண்டு வர்றேன். மொதல்ல கிளினிக்குக்குப் போய் உன் பேருக்கு நம்பர் எடுப்பேன், அந்தப் புள்ளைகிட்ட என் அடையாள அட்டைய நீட்டாம உன் பேர நானே சொல்லுவேன். அப்புறம் தியேட்டர் வாசலுக்கு வந்து, யாராவது ஒரு மிஸ்ஸிகிட்ட இதக் குடுத்து உள்ள அனுப்புவேன்.

படிச்சு முடிச்சியா? கைய கழுவிட்டுக் கதவத் தொறந்து வெளியில வா. எதுத்தாப்பல பெஞ்சுல உக்காந்திருக்கேன். இன்னைக்கு மணி அடிச்சாலும் நீ உள்ள ஓட முடியாது.

அக்கா.